ஒரே 25 சதவீதம் எல்லா டெண்டருக்கும் பொருந்தாது

கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனுக்கு டெண்டர் தாள்களை நிரப்பிக் கொடுப்பது பல வருடங்களாக என் பழக்கம். ஒரு நாள் சாயங்காலம் அவர் தன் போனில் ஒரு பக்கத்தைக் காட்டினார். வெளியூரில் இருக்கும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அறிக்கை அது. குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டிய 25 சதவீத இலக்கைத் தாண்டிவிட்டதாக அதில் போட்டிருந்தது.

"ஏன் தம்பி, நாலுல ஒரு பங்கு நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட வாங்கிட்டாங்களாம். நானும் மூணு தடவ டெண்டர் போட்டேன். நம்ம தெருவுல யாருக்காவது வந்துச்சா?"

"அவங்க பொய் சொல்லலண்ணே. உங்களுக்கு வரலங்கறதும் நெசந்தான்."

இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று அன்றைக்கு அவருக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. முழுதாக எழுதிப் பார்க்கலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த 25 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. அதன் கீழ் 2012இல் மத்திய அரசு ஒரு கொள்முதல் ஆணையைப் போட்டது. மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றது அந்த ஆணை. 2015 ஏப்ரலில் இருந்து அது கட்டாயமானது. 2018 நவம்பரில் 20 என்பது 25 ஆக உயர்ந்தது. அந்த 25க்குள்ளேயே பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3. இது போக 358 பொருள்களை இந்த நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். நெய்வேலி என்.எல்.சி. மத்தியப் பொதுத்துறை என்பதால் அதற்கு இந்த ஆணை உண்டு. கடலூர் மாநகராட்சிக்கோ மாநிலப் பொதுப்பணித் துறைக்கோ கிடையாது. அவர்கள் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடப்பவர்கள்.

டெண்டரில் இது எப்படி வேலை செய்கிறது? எல்1, அதாவது ஆகக் குறைந்த விலை சொன்னவர், பெரிய நிறுவனமாக இருக்கட்டும். ஒரு சிறு நிறுவனம் அந்த விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் விலை சொல்லியிருந்து, எல்1 விலைக்கே இறங்கி வரச் சம்மதித்தால், மொத்த மதிப்பில் 25 சதவீதம் வரை அவருக்குக் கொடுக்கலாம். டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பலன் பெற டெண்டரில் முதலில் நுழைந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு அடைபட்டிருப்பது அந்த வாசல்தான்.

அந்த 25 சதவீத இலக்கு எந்தத் தனி டெண்டரின் மேலும் இல்லை. ஒரு நிறுவனம் ஒரு வருடம் முழுக்க வாங்கியதன் கூட்டுத்தொகை மேல் இருக்கிறது. ஆகவே ஸ்டேஷனரி, வாடகை கார், கேன்டீன், துப்புரவு, கேமரா, கணினி என்று சுலபமாகச் சிறு நிறுவனங்களிடம் வாங்கக்கூடியவற்றை வாங்கியே எண்ணை நிரப்பிவிடலாம். சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. இயந்திரப் பழுது, ஃபேப்ரிகேஷன் (இரும்பை வெட்டிப் பற்றவைத்துச் செய்யும் வேலை), கடைசல் வேலை இருக்கும் பெரிய டெண்டர்கள் மட்டும் எப்போதும்போல ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, அந்த மூட்டையைத் தூக்கக்கூடிய ஐந்தாறு பேரிடமே போகும்.

இன்னொன்றும் உண்டு. 'சிறு' என்ற சொல் நாம் நினைக்கிற அளவுக்குச் சிறியதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வரை இருந்தால் குறு, 100 கோடி வரை இருந்தால் சிறு. முதலீட்டு வரம்பு குறுவுக்கு இரண்டரைக் கோடி, சிறுவுக்கு 25 கோடி. 90 கோடி விற்றுமுதல் உள்ள ஒரு தொழிற்சாலையும், இரண்டு லேத்தும் ஒரு வெல்டிங் செட்டும் வைத்திருக்கும் முதுநகர் பட்டறையும் அறிக்கையில் ஒரே கட்டத்தில் விழும். எந்த ஊர் நிறுவனம் என்ற கேள்வியும் அதில் கிடையாது.

இலக்கை டெண்டருக்கு டெண்டர் வைத்தால் என்ன? இதற்கு நீண்ட அனுபவம் இருப்பது அமெரிக்காவில். அந்த அனுபவம் ஒரு சிறைச்சாலைக் கழிப்பறையிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம்.

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரம் 1983இல் ஒரு விதி கொண்டுவந்தது. நகர ஒப்பந்தம் எடுப்பவர் அதில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்கு சப் கான்ட்ராக்ட் விட வேண்டும். நகரச் சிறையில் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்த ஒரு டெண்டர் வந்தது. அதைக் கேட்டது குரோசன் என்ற ஒரே ஒரு நிறுவனம். அந்த ஒப்பந்தத்தின் மதிப்பில் முக்கால் பங்கு சாதனங்களின் விலையே. 30 சதவீதத்தை எட்ட வேண்டுமானால் அந்தச் சாதனங்களையே சிறுபான்மை நிறுவனம் ஒன்றிடம் வாங்கியாக வேண்டும். விலை ஒத்துவரவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989இல் நீதிமன்றம் ரிச்மண்டின் விதியை ரத்து செய்தது. நகர மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் எத்தனை சதவீதம் என்பது இங்கே பேச்சே இல்லை, அந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்யத் தகுதியுள்ள நிறுவனங்களில் அவர்கள் எத்தனை என்பதே பேச்சு என்றது தீர்ப்பு. 30 என்ற எண்ணுக்கு எந்தக் கணக்கும் இல்லை என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பை வருத்தத்தோடு படித்தவர்கள் பலர். ஆனால் அதன் பிறகு அங்கே உள்ளாட்சிகளும் போக்குவரத்துத் துறைகளும் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டாக வேண்டியிருந்தது. எந்த வேலைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். எண்ணியதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். இலக்கு நிர்ணய மென்பொருள்கள் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான். பி2ஜிநவ் போன்றவற்றில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. (2025 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, இனத்தையும் பாலினத்தையும் மட்டும் வைத்து ஒருவரைப் பின்தங்கியவர் என்று எடுத்துக்கொள்ளும் முறையைக் கைவிட்டது. யாருக்குச் சலுகை என்ற அந்தச் சண்டை அவர்களுடையது. நான் இங்கே எடுத்துக்கொள்வது கணக்குப் போடும் முறையை மட்டும்.)

கணக்கு பள்ளிக்கூட அளவுதான். ஒப்பந்தத்தை வேலை வேலையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வேலையும் மொத்த மதிப்பில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிறுவனங்களில் சிறியவை எத்தனை பங்கு என்று பார்த்து இரண்டையும் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஒப்பந்தத்துக்கான இலக்கு கிடைக்கும்.

நம் ஊர் வேலையில் வைத்துப் பார்ப்போம். சுரங்கத்தில் கன்வேயர் பாதை ஒன்றைப் புதுப்பிக்க 2 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. புது பெல்ட்டுக்கு 90 லட்சம், அதாவது 45 சதவீதம். ரோலர் கடைசலுக்கும் ஃபேப்ரிகேஷனுக்கும் 40 லட்சம், 20 சதவீதம். லாரி வாடகை 30 லட்சம், 15 சதவீதம். பெயின்ட் அடிக்க 20 லட்சம். சாரம் கட்டவும் சுத்தம் செய்யவும் இன்னொரு 20 லட்சம். கடைசி இரண்டும் பத்துப் பத்து சதவீதம்.

இப்போது ஆள் கணக்கு. பெல்ட் செய்பவர்கள் 10 நிறுவனங்கள், எல்லாமே பெரியவை. ஆகவே அங்கே பூஜ்யம். ஃபேப்ரிகேஷன் செய்யும் 60 பேரில் 45 பேர் சிறியவர்கள், அதாவது முக்கால்வாசி. 20இல் முக்கால்வாசி 15. லாரிக்காரர்கள் 30 பேரில் 12 பேர். 15இல் 40 சதவீதம் 6. பெயின்டிங்கில் 20க்கு 16, எனவே 8. சாரத்தில் 25க்கு 20, அதுவும் 8. கூட்டினால் 37 சதவீதம் வருகிறது.

அடுத்து இன்னொரு டெண்டர், அதுவும் 2 கோடி. கொதிகலனுக்கான சிறப்பு உலோகக் குழாய்கள். மதிப்பில் 90 சதவீதம் குழாய்கள், அவற்றைச் செய்வது பெரிய ஆலைகள் மட்டும். மீதி 10 சதவீதம் பேக்கிங்கும் போக்குவரத்தும். அதைச் செய்பவர்களில் நூற்றுக்கு 40 பேர் சிறியவர்கள். இலக்கு வெறும் 4.

இந்த இரண்டுக்கும் 25 என்றே வைத்தால் என்ன நடக்கும்? குழாய் டெண்டரில் 25 நடக்கவே நடக்காது. ஒன்று விலக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ ஒருவர் பில்லை மட்டும் சிறு நிறுவனத்தின் பெயரில் திருப்பி விடுவார். கன்வேயர் டெண்டரில் கதை தலைகீழ். 37 வர வேண்டிய இடத்தில் 25 வந்ததுமே எல்லோரும் திருப்தியாக நிறுத்திக்கொள்வார்கள். மீதி 12 சதவீதம், 24 லட்சம் ரூபாய். நான்கைந்து பட்டறைகள் ஒரு வருடம் ஓடக்கூடிய வேலை அது. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் கைநழுவிப் போகிறது. எனக்கு உண்மையிலேயே வலிப்பது இந்தப் பணம்தான்.

மூட்டை கட்டும் பழக்கத்தையும் இந்தக் கணக்கு வெளியே கொண்டுவந்துவிடும். டெண்டரை வேலை வேலையாகப் பிரித்து மென்பொருளில் ஏற்றும்போதே, இதில் எந்தப் பகுதி தனி டெண்டராகப் போகலாம் என்பது கொள்முதல் அதிகாரியின் கண்ணில் பட்டுவிடும். ஒரே மூட்டையாக வைத்தால் மொத்த வேலையையும் எடுக்கக்கூடிய சிறு நிறுவனம் ஒன்றுகூட இருக்காது. பிரித்து வைத்தால் 37. இரண்டு எண்களும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஏன் பிரிக்கவில்லை என்று மேலதிகாரியோ தணிக்கையாளரோ கேட்க முடியும். பிரிக்க முடியாத வேலைகளும் உண்டு. பொறுப்பு ஒரே கையில் இருந்தால்தான் பாதுகாப்பு என்ற இடங்களில் நானும் பிரிக்கச் சொல்ல மாட்டேன். அங்கே சப் கான்ட்ராக்ட் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சிறியவர்களுக்கு விடும் சப் கான்ட்ராக்டையும் ஆண்டு இலக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2012 ஆணையிலேயே இருக்கிறது. தேசியச் சிறுதொழில் கழகம் உருவாக்கும் சிறு நிறுவனக் கூட்டமைப்புகளும் அதில் சேர்த்தி.

சரி, மென்பொருளுக்கு இந்த ஆள் கணக்கு எங்கிருந்து வரும்? இங்கேதான் நிறைய இடறல்கள் இருக்கின்றன.

முதல் இடறல் எல்லை. எந்தப் பரப்பளவில் இருக்கும் நிறுவனங்களை எண்ணுவது? அமெரிக்க முறையில், டெண்டர் கேட்பவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்து வருகிறார்கள், பணத்தில் பெரும்பகுதி எங்கே செலவாகிறது என்று பார்த்துச் சந்தைப் பரப்பை வரைகிறார்கள். நாம் சோம்பலில் மாவட்ட எல்லையை வைத்துவிடுவோம். கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை, அது புதுச்சேரி. அங்கே இருக்கும் ஒரு பட்டறை கடலூர் வேலையைத் தினம் வந்து செய்துவிட்டுப் போக முடியும். விருத்தாசலத்தில் இருப்பவரைவிட அவர்தான் கிட்டத்தில் இருக்கிறார். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தின் ஃபேப்ரிகேஷன் சந்தையை எண்ணினால் அந்த எண் பொய்யாகிவிடும். அதேபோல நாடு முழுக்க எண்ணினாலும் பொய். குஜராத்தில் இருக்கும் பட்டறை இங்கே சாரம் கட்ட வராது. வேலைக்கு வேலை எல்லை மாற வேண்டும்; பெல்ட்டுக்கு நாடு முழுவதும், கடைசல் வேலைக்கு இரண்டு மணி நேரப் பயண தூரம்.

இரண்டாவது, எண்ணிக்கையும் திறனும் ஒன்றில்லை. 45 பட்டறை என்றால் 45 பேராலும் அந்த ரோலரைக் கடைய முடியும் என்று ஆகாது. பெரிய பெட் உள்ள லேத் எத்தனை பேரிடம் இருக்கிறது, இப்போதே கைநிறைய வேலை வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பதெல்லாம் பட்டியலில் இருக்காது. முந்தைய டெண்டர்களில் யார் விலை சொன்னார்கள், யார் ஒப்பந்தப்படி முடித்துக் கொடுத்தார்கள் என்ற பதிவையும் சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் சரியாகும். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. இதுவரை விலை சொன்னவர்களை மட்டும் எண்ணினால், இதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். பழைய அநியாயத்தை மென்பொருள் புது எண்ணாக அச்சடித்துக் கொடுத்துவிடும். அதனால் மென்பொருள் 37.2 என்று தசமப் புள்ளியோடு காட்டினாலும் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிகாரி அதை ஏற்றவோ இறக்கவோ முடிய வேண்டும், ஏன் என்ற காரணத்தை ஒரு வரி எழுதாமல் சேமிக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

பில் மட்டும் போடும் நிறுவனங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் கொள்கையில் வியாபாரிகளுக்கு, அதாவது வாங்கி விற்பவர்களுக்கு, இந்தச் சலுகை கிடையாது. தானே செய்த பொருள், தானே தந்த சேவை என்றால்தான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன. தானே தயாரித்துக் கொடுத்தால் மதிப்பு முழுவதும் இலக்கில் சேரும், கடை வைத்துப் பொருளை இருப்பில் வைத்து விற்பவரிடம் வாங்கினால் 60 சதவீதம், தரகு மட்டும் பார்த்தால் தரகுத் தொகை மட்டும். இதை மென்பொருளில் போடுவது சுலபம். நம் அறிக்கைகளிலும் இப்படி எடை போட்டுப் பார்த்தால் எத்தனை நிறுவனங்களின் எண் இறங்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இலக்கை எட்ட முடியாவிட்டால்? 4 சதவீத உள் இலக்கைப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டாலோ நிபந்தனைகளையும் எல்1 விலையையும் எட்டாவிட்டாலோ, அந்தப் பங்கை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆணையே சொல்கிறது. வெளியேறும் வழி அவ்வளவு அகலமாக இருந்தால் யார் உள்ளே தேடுவார்கள்? இந்த 4 சதவீதம்தான் எட்டுவதற்குக் கடினமாகவே இருந்துவருகிறது. அமெரிக்க முறையில் ஒப்பந்தக்காரர் இலக்கை எட்டாவிட்டாலும் ஒப்பந்தம் பெறலாம். ஆனால் நேர்மையாக முயன்றதை நிரூபிக்க வேண்டும். யார் யாரைக் கூப்பிட்டார், எந்தத் தேதியில், எந்த வேலைக்கு விலை கேட்டார், என்ன பதில் வந்தது. அண்ணனுக்கு யாராவது போன் செய்து விலை கேட்டார்கள் என்று ஒரு பதிவு எங்காவது இருந்தால், அவர் இவ்வளவு கசப்போடு பேசியிருக்க மாட்டார்.

நம்மிடம் மென்பொருள் இல்லாமலில்லை. அரசுத் துறைகள் பொருளும் சேவையும் வாங்கும் ஜெம் என்ற இணையதளம் 2016 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களின் சிறுதொழில் கொள்முதலைக் கண்காணிக்க 2017இல் சம்பந்த் தளம் வந்தது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் தங்களைப் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து. ஆள் பட்டியல் ஒரு பக்கம், கொள்முதல் பதிவு ஒரு பக்கம், கண்காணிப்பு ஒரு பக்கம் என்று எல்லாம் இருக்கிறது. ஜெம்மில் ஒரு டெண்டர் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். சிறு நிறுவனங்களுக்குக் கொள்முதல் முன்னுரிமை உண்டா, அனுபவத்திலும் விற்றுமுதலிலும் தளர்வு உண்டா என்று இருக்கும். எதிரே ஆம், இல்லை. இந்த வேலையைச் செய்ய எத்தனை சிறு நிறுவனங்கள் இருக்கின்றன என்ற கணக்கு அதில் இல்லை. அந்தத் தளர்வுக்கு எதிரே 'இல்லை' என்று ஒரு சொல் விழுந்தால் அண்ணன் போன்றவர்களுக்கு டெண்டர் அங்கேயே முடிந்தது. மூன்று தடவையில் இரண்டு தடவை அவருக்கு அதுதான் நடந்தது. டெண்டர் வெளியாவதற்கு முன்னால், வேலைகளைப் பிரித்துக் காட்டி, இந்த வேலைக்கு இந்தத் தொலைவில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஆகவே இலக்கு இவ்வளவு என்று சொல்லும் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்தால் போதும். அதற்கு வேண்டிய தரவு அரசிடமே இருக்கிறது.

அப்புறம் பணம். ஒப்பந்தத்தில் எழுதியது இலக்கு, கைக்கு வந்ததுதான் பங்கேற்பு. 2006 சட்டத்தின்படி பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் கூர்மையானது. ஆனால் சப் கான்ட்ராக்டில் வேலை செய்தவருக்குப் பெரிய ஒப்பந்தக்காரர் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்பது வாங்கிய நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் நல்ல மென்பொருள்களில் பணம் கொடுத்தவரும் பதிய வேண்டும், வாங்கியவரும் ஆமாம் வந்தது என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்புக் கொடி.

அன்றைக்கு நான் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு அண்ணன், "நான் இப்ப என்ன தம்பி செய்யணும்?" என்றார். அவருடைய உத்யம் சான்றைக் கொண்டுவரச் சொன்னேன். உலோகப் பொருள் தயாரிப்பு என்ற பிரிவு, எண் 25, அது மட்டும்தான் இருந்தது. வருடம் முழுக்க அவர் செய்வது பம்ப், கியர் பாக்ஸ், ரோலர் பழுதுபார்ப்பு. அதற்குத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் எண் 33, இயந்திரங்களைப் பழுது பார்த்தலும் நிறுவுதலும். எந்த மென்பொருள் பழுதுபார்ப்பு வேலைக்கு ஆள் எண்ணினாலும் முதுநகரில் இப்படி ஒரு பட்டறை இருப்பதே அதற்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் போனில் திறந்தோம். ஓ.டி.பி. வர இரண்டு நிமிடம் ஆனது. 33ஐச் சேர்த்தோம்.